‘சாபவிமோசனம்’: ராமனோடு முடிகிற கதையா?

ஜூன் 4

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதையின் கரு தெளிவாகத்தான் இருக்கிறது: ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி, ராமனே ஆனாலும் கேள்வி கேட்பேன். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். மீதி நேரத்தை எப்படி ஓட்டுவது?

ஜூன் 4, இரவு

கடைசிப் பகுதியைத் திரும்பப் படியுங்கள். ராமனும் சீதையும் தேரேறிப் போன பிறகும் கதை நடக்கிறது. ராமனைக் கேள்வி கேட்பதுதான் கரு என்றால், ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேள்விப்பட்டு அகலிகை ‘அவன் கேட்டானா?’ என்று கத்துகிற இடத்திலேயே கதையை நிறுத்தியிருக்கலாம். சட்டென்று வெட்டிவிட்டுப் போக அவருக்குத் தெரியாததா? ‘பொன்னகரம்’ எழுதியவர். அங்கே கற்பு பேசுகிறவர்களுக்குக் கன்னத்தில் ஓர் அறை, அதோடு சரி. இங்கே அப்படி முடிக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் உங்கள் மீதி நேரம் போதாது.

ஜூன் 5, காலை

நேற்று அவசரத்தில் எழுதினேன். கொஞ்சம் விரிவாக.

நாம் சின்ன வயதில் கேட்ட அகலிகை கதையில், இந்திரன் கோதமன் வேஷத்தில் வந்து அவளை ஏமாற்றுகிறான், கணவன் கோதமன் சாபத்தில் அவள் கல்லாகிறாள், ராமன் பாதத்தூளி பட்டுச் சிலை பெண்ணாவதோடு முடிந்துவிடும். சுபம். புதுமைப்பித்தனின் கதையில் அது ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. சிலை உயிர் பெறுகிறது, புற்றுக்குள்ளிருந்து கோதமன் எழுந்து வருகிறான், விசுவாமித்திரனுக்கு மகிழ்ச்சி. சரி, அதற்கு அப்புறம்? இந்த ‘அதற்கு அப்புறம்’தான் கதை. மன்னிக்கப்பட்டவளும் மன்னித்தவனும் ஒரே குடிசையில் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

சரயு நதிக்கரையில் இருக்கிறார்கள். தண்ணீருக்குப் போனால் ரிஷிபத்தினிகள் ‘அவள்தான் அகலிகை’ என்று ஒதுங்கிப் போகிறார்கள். இது வெளியே. உள்ளே இதைவிட மோசம். கோதமன் சாதாரணமாக ஒன்று சொன்னாலும் அதற்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று அவள் குடைந்து பார்க்கிறாள். தான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். எதிரே வருகிற ஆணெல்லாம் இந்திரனாகத் தெரிகிறான்.

கோதமன் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. சபித்தவன் நானல்லவா என்று அவனுக்கும் உறுத்துகிறது. தான் நம்பிய தர்மத்தை அடியிலிருந்து புதிதாக யோசிக்கிறான். மனம் கலக்காமல் நடந்த காரியத்தில் பாவம் ஒட்டாது என்கிற இடத்துக்கு வந்து சேர்கிறான். இன்றைக்கு மேடையில் நாம் பேசுகிற முற்போக்கு அத்தனையும் அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவளோடு சகஜமாக நாலு வார்த்தை பேச வரவில்லை.

என் கணக்கில் கரு இதுதான். மன்னிப்பு கிடைத்தாயிற்று, நியாயமும் விளங்கியாயிற்று, ஆனாலும் பழைய வாழ்க்கை திரும்பி வரவில்லை.

ஜூன் 5, மதியம்

‘அப்படியானால் சீதை வருகிற காட்சி வெறும் அலங்காரமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. ஆனால் அந்தக் காட்சி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ராமன்தான் அகலிகைக்கு விடுதலை கொடுத்தவன். ஊர் என்ன சொன்னாலும் ராமன் சொல்லிவிட்டானே என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் அவள் நடமாடியிருக்கிறாள். அந்த ராமன் தன் மனைவியைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று தெரிந்தால், அவன் தனக்குக் கொடுத்த தீர்ப்புக்கு என்ன மதிப்பு? ராமன் மேல் வருகிற கோபம் ஒரு பக்கம். அவளுக்குக் காலுக்குக் கீழே இருந்த ஒரே தரையும் போனது மறுபக்கம். சீதை இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள் என்பதையும் பாருங்கள். அவர் கேட்டார், நான் செய்தேன், உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள். பட்டவள் சிரிக்கிறாள், கேட்டவள் துடிக்கிறாள்.

ஜூன் 5, இரவு

ஒரு வரி மட்டும். ராமன் புறப்படும்போது அகலிகை வழியனுப்ப வருவதில்லை. அப்போது ராமனின் காலில் படிந்த பொடி அவனைச் சுட்டது என்று எழுதுகிறார். கல்லைப் பெண்ணாக்கிய அதே கால் தூசி! ராமனைத் திட்டுகிற கதை என்று சொல்கிறவர்கள் இந்த வரியை எப்படி விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. இந்த ராமனுக்கும் சுடுகிறது.

ஜூன் 6

பழைய கதை ஒன்றையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். 1934இல் அவர் ‘அகல்யை’ என்று ஒரு கதை எழுதினார். ‘சாபவிமோசனம்’ கலைமகள் பத்திரிகையில் 1943இல் வந்தது. நடுவில் ஒன்பது வருஷம்.

‘அகல்யை’யில் சாபமே கிடையாது. நடந்தது தெரிந்த பிறகும் கௌதமன் அவளை அணைத்துத் தேற்றுகிறான். உலகத்துப் பெண்களைச் சகோதரிகளாக நினைக்கக் கூடாதா என்று இந்திரனிடம் கேட்டு அனுப்பிவிடுகிறான். அந்தச் சமயத்தில் உன் உடம்புமா கல்லாகிப் போயிற்று என்று அவனே அவளைக் கேட்டுத் தேற்றுகிறான். அழகான கதை. இருபது வயதில் படித்தபோது இதுதான் எனக்குப் பிடித்தது. பிரச்சினை தீர்ந்துபோகிறது, படிக்கிறவனுக்கும் நிம்மதி.

ஒன்பது வருஷம் கழித்து அதே ஆள் அதே விஷயத்துக்குத் திரும்பி வருகிறார் என்றால் தன் பழைய தீர்வில் அவருக்கே திருப்தி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். முதல் கதையில் கணவன் பெரிய மனசோடு பேசினால் போதும். இரண்டாவதில் கணவனின் பெரிய மனசு அப்படியே இருக்கிறது, அது போதவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் கரு தானாக மேலே வந்துவிடும், விளக்கவுரையே வேண்டாம்.

ஜூன் 6, சற்றுப் பின்

‘தீர்வில் திருப்தி இல்லை’ என்று எழுதியது கொஞ்சம் அதிகமோ என்று யோசிக்கிறேன். ஓர் எழுத்தாளர் ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம், அதில் ஒன்று மற்றதை அடிக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் இரண்டாவதற்கு ‘சாபவிமோசனம்’ என்று பெயர் வைத்ததில் ஒரு குத்தல் இருக்கத்தான் செய்கிறது. கதையின் முடிவில் அவள் மறுபடியும் கல்.

ஜூன் 7

வால்மீகியை இழுத்து வந்திருக்கிறார் ஒரு நண்பர். இழுக்க வேண்டியதுதான், ஆனால் சரியாக இழுக்க வேண்டும். வால்மீகியில் அகலிகை கல்லாவதே இல்லை. காற்றை மட்டும் உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கச் சாபம். வந்திருப்பவன் இந்திரன் என்று அங்கே அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் சம்மதிக்கிறாள். கம்பனில் கல் வருகிறது. அங்கே அவள் நடுவில் உணர்ந்துகொள்கிறாள், உணர்ந்த பின்னும் விலகவில்லை. ஆனாலும் அவளை ஏற்கச் சொல்லும்போது ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை’, அதாவது மனதால் தவறாதவளை, என்று கோதமனிடம் விசுவாமித்திரர் சிபாரிசு செய்கிறார். அறிஞர்கள் இன்னும் இதை வைத்து மல்லுக்கு நிற்கிறார்கள், அது தனிக்கதை.

புதுமைப்பித்தன் இந்தச் சிக்கலையெல்லாம் எடுத்து வெளியே போட்டுவிடுகிறார். அவருடைய அகலிகை மேல் மனதளவிலும் குற்றம் இல்லை. கோதமன் மன்னித்துவிட்டான், ராமனே வந்து தொட்டாயிற்று. அவள் நிம்மதியாக வாழ என்னென்ன தேவையோ அத்தனையும் கொடுத்துவிட்டு, இப்போது வாழ முடிகிறதா பார்ப்போம் என்கிறார். குற்றமுள்ள அகலிகையை வைத்து இந்தக் கதையை எழுதியிருந்தால் ‘செய்த பாவம் விடுமா’ என்று யாராவது சுலபமாக முடித்திருப்பார்கள். அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிட்டார்.

ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல் போகலாம், பிடிக்காமலும் போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்று கதைக்கு முன்னாலேயே குறிப்பு வேறு எழுதி வைத்தார். திமிர் என்றால் திமிர்.

ஜூன் 8

இனி அந்தக் கடைசிப் பகுதி. இதை எழுதத்தான் இத்தனை நாளாகச் சுற்றி வருகிறேன்.

தேர் போய்விட்டது. கோதமன் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். திரிசங்கு மண்டலம் கண்ணில் படுகிறது. அப்போது ஒரு யோசனை வருகிறது: ஒரு குழந்தை இருந்தால் அவள் மனபாரம் குறையாதா? அந்த எண்ணத்தோடு உள்ளே போய் அவளைத் தழுவுகிறான். அவளுக்கோ உள்ளே பழைய இந்திர நாடகம் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. தழுவுகிறவன் கோதமன் வேஷத்தில் வந்த இந்திரனாகப் படுகிறான். நெஞ்சு கல்லாக இறுகுகிறது. ‘என்ன நிம்மதி!’

அவளை மறுபடி கல்லாக்கியது ராமன் இல்லை. ராமன் தள்ளிவிட்டான், உண்மை. கடைசியாக அவளைத் தொட்டது அவளிடம் பிரியம் வைத்திருந்த கணவனின் கை. அதுவும் நல்ல எண்ணத்தோடு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் உறவில் ஒரு தம்பதி ஞாபகத்துக்கு வருவார்கள். யார் மேல் தப்பு என்பது வேண்டாம். சண்டை ஓய்ந்து சேர்ந்து இருந்தார்கள், ஆனால் வீட்டில் பேச்சே இருக்காது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? ‘ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்.’ பெரியம்மா சொன்னார், சித்தப்பா சொன்னார், ஜோசியரும் சொன்னார். அந்தப் பெண்ணைக் கேட்டார்களா என்றால் இல்லை. நானும் அந்தக் கூடத்தில்தான் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோதமனின் யோசனை ரிஷிக்கு வந்த யோசனை மாதிரி இல்லை, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கோ வந்த யோசனை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. அவர்களுக்குச் சதானந்தன் என்று வளர்ந்த மகன் ஏற்கெனவே இருக்கிறான், ஜனகன் சபையில். கதையிலேயே அவனைப் பார்க்கிறார்கள். அப்புறமும் ‘ஒரு குழந்தை’ என்றால் அந்த வைத்தியம் எவ்வளவு யோசிக்காமல் வருகிறது பாருங்கள்.

ஜூன் 8, இரவு

திரிசங்கு பற்றிச் சொல்ல விட்டுப்போனது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் விழ முடியாமல் அந்தரத்தில் தொங்குகிறவன். இது எல்லாருக்கும் தெரியும், அகலிகையின் நிலை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அவனை அங்கே தொங்கவிட்டது யார்? விசுவாமித்திரன். ராமனை ஆசிரமத்துக்கு அழைத்து வந்து அகலிகையை எழுப்ப வைத்ததும் அவனே. உதவி செய்கிறேன் என்று பாதி வழியில் நிறுத்திவிட்டுப் போகிற ஆள். புதுமைப்பித்தன் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வானத்தில் ஆயிரம் நட்சத்திரம் இருக்க அதை மட்டும் காட்டுகிறாரே.

ஜூன் 9

‘இதெல்லாம் ஆசிரியர் நினைத்திருப்பாரா, நீங்கள் ஏற்றிச் சொல்கிறீர்களா?’ எதிர்பார்த்த கேள்விதான். ஆசிரியர் மண்டைக்குள் எனக்கு வேலை இல்லை. உலகை உய்விக்கும் நோக்கமெல்லாம் தன் கதைகளுக்குக் கிடையாது என்று ‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் அவரே சொல்லிவிட்டார். நான் கேட்பது இவ்வளவுதான்: நீங்கள் சொல்லும் கருவுக்குக் கதையின் எந்தப் பகுதி மிஞ்சிப் போகிறது? ‘ஆணாதிக்க எதிர்ப்பு’ என்றால் சரயுக் கரையின் அத்தனை வருஷங்களும், கோதமனின் விசாரமும், கடைசிப் பகுதியும் மிஞ்சுகின்றன. கதையில் பாதிக்கு மேல் மிஞ்சினால் கருவை மாற்ற வேண்டியதுதான், கதையை மாற்ற முடியாது.

கல்லூரியில் எங்களுக்கு நோட்ஸ் ஒன்று இருந்தது. ‘மையக்கருத்து’ என்று பெட்டி போட்டு இரண்டு வரி. சாபவிமோசனத்துக்கு ‘பெண்ணடிமைத்தனம்’, அவருடைய மற்றக் கதைகளில் செல்லம்மாளுக்கு ‘வறுமை’, காஞ்சனைக்கு ‘பேய் நம்பிக்கை’. காஞ்சனையில் பேய் உண்டா இல்லையா என்பதையே அவர் கடைசிவரை சொல்லவில்லை. நோட்ஸ் போட்டவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

ஜூன் 9, மாலை

செல்லம்மாள் என்று வாய் தவறி வந்தது நல்லதாகப் போயிற்று. அதுவும் 1943, அதுவும் கலைமகள். இரண்டையும் ஒரே வருஷத்தில் வந்த அண்ணன் தம்பி மாதிரி வைத்துப் படிக்கலாம். அங்கே புராணம் இல்லை. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி. அவளுக்குக் கஷாயம் வைத்து, பத்தியம் பார்த்து, தன்னால் ஆனதெல்லாம் செய்கிறார். அன்பில் குறைவே இல்லை. ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. அவள் மூச்சு நின்றதும் அவர் மனசில் துக்கத்தைவிடப் பாரம் இறங்கியதுதான் தெரிகிறது. அகலிகை கல்லாகும்போதும் அப்படி ஒரு நிம்மதி. இதைக் குரூரம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நோயாளியோடு நாள் கணக்கில் ராத்திரி விழித்திருந்தவர்கள் யாரும் பிரமநாயகம் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

‘வறுமை’ என்று எழுதினால் மார்க் கிடைக்கும். எழுதுங்கள்.

ஜூன் 10

அகலிகைக்கு வந்தது மன அதிர்ச்சியால் வந்த நோய், எதிரே வருபவனெல்லாம் இந்திரனாகத் தெரிவது அதன் அறிகுறி, 1943இலேயே இதை எழுதியிருக்கிறார் என்று ஒரு பதிவு. தப்பு என்று சொல்ல மாட்டேன், வர்ணனை பொருந்துகிறது. ஆனால் நோய்ப் பெயர் வைத்த உடனே கோதமன் வெளியே போய்விடுகிறான். அவள் நோயாளி, அவனுக்கு வேலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. கதை இரண்டு பேரைப் பற்றியது. கடைசி வாக்கியங்கள் அவனைப் பற்றித்தான்: பனிப்பாலைவனத்தில் கைலாயத்தை நோக்கி ஒற்றையாக விரைகிறான், துறவியாகிறான். அவள் கல்லானதைச் சொல்லி நிறுத்தாமல் அவன் என்ன ஆனான் என்றும் சொல்கிறார்.

ஜூன் 11

ஜெயகாந்தனை யாரும் இன்னும் இழுக்கவில்லையா? நான் இழுக்கிறேன். ‘அக்கினிப் பிரவேசம்’, 1966, ஆனந்த விகடன். கெட்டுப்போய் வந்த மகளை அம்மா உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எவ்வளவு சண்டை வந்தது அந்தக் கதைக்கு! அப்புறம் அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதில் அம்மா அப்படிச் செய்யவில்லை, கத்திக் கூப்பாடு போட்டு ஊருக்கே தெரிய வைத்துவிடுகிறாள். மகள் கங்காவின் வாழ்க்கை அங்கிருந்து ஓடுகிறது.

முதலில் ஒரே அணைப்பில் தீர்த்துவைக்கிற கதை, பிறகு தீராத கதை. புதுமைப்பித்தன் 1934இலும் 1943இலும் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வித்தியாசம் பெரியது: ஜெயகாந்தனின் நாவலில் மன்னிப்பு கிடைக்காததால் வருகிற துன்பம். புதுமைப்பித்தனிடம் கிடைத்த பிறகும் வருகிற துன்பம். இரண்டாவதுதான் எனக்குப் பயங்கரமாகப் படுகிறது. ஜெயகாந்தன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், கதவு திறந்துதான் இருக்கிறது.

ஜூன் 12

வந்தார்கள். பதில் சொல்லிக்கொண்டிருந்தால் தலைப்பு மாறிவிடும் என்பதால் அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

ஜூன் 16

கேட்டவர் கூட்டத்தில் பேசிவிட்டு வந்து எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதியைச் சத்தமாக வாசித்தாராம், நல்ல விவாதமாம். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, ‘அதெல்லாம் சரி, இந்தக் கதையில் கைகேயிக்கு என்ன வேலை?’ என்று கேட்டுவிட்டாராம். யாருக்கும் பதில் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்கிறார்.

அருமையான கேள்வி. பதினான்கு வருஷம் முடிகிற சமயத்தில் சரயு நதியில் குளிக்க வருகிறாள் கைகேயி, அகலிகையோடு பேசுகிறாள். பரதன் உயிரை விட்டுவிடுவானோ என்கிற கவலை அவளுக்கு. ராமன் திரும்பும் முன் வருகிற காட்சி, கொஞ்ச நேரம்தான். எடுத்துவிட்டால் கதை நடக்கும். ஆகவே இது எதற்காக என்று கேட்கத்தான் வேண்டும்.

இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது: அகலிகை ஆள் அரவத்துக்கே அஞ்சுகிறவள், கைகேயியிடம் அவளால் பேச முடிகிறது. ஊரே ஒதுக்கிய இன்னொருத்தி. இவள் செய்யாததற்குத் தண்டனை அனுபவிக்கிறாள், அவள் செய்ததற்கு. ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரிவதில்லை. ரிஷிபத்தினிகள் ஒதுங்கிப்போன அதே ஆற்றங்கரை அது.

அந்தப் பெரியவர் தன் பதில் என்ன என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள். நான் சொன்னதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.